ஒரு பார்ட் உடைஞ்சா ஃப்ளைட் விழாது, அப்புறம் எப்படித்தான் விழுது?

பயணிகள் விமானம் ஒண்ணு கிளம்பும்போது அதுல எல்லாமே நூத்துக்கு நூறு சரியா இருக்கும்னு நெனச்சா அது தப்பு. ஏதோ ஒரு பம்ப் வேலை செய்யாது, ஒரு லைட் எரியாது, ஏசி சிஸ்டம் ரெண்டுல ஒண்ணை ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க, இதெல்லாம் விதிப்படியே நடக்கிறதுதான். எதெது பழுதா இருந்தா மட்டும் பறக்கலாம், எத்தனை நாளுக்குள்ள சரி பண்ணணும், அதுவரைக்கும் என்ன கட்டுப்பாடுன்னு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கு, மினிமம் எக்விப்மென்ட் லிஸ்ட்னு சொல்லுவாங்க. அதைப் பாத்துத்தான் பைலட்டும் மெக்கானிக்கும் கிளம்பலாமா வேணாமான்னு முடிவு பண்றாங்க.

இது அலட்சியம் இல்ல. விமானத்தை டிசைன் பண்ணும்போதே எல்லா பார்ட்டும் ஒரு நாள் கெடும்னு வெச்சுக்கிட்டுத்தான் பண்றாங்க. ரன்வேல ஓடி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினப்புறம் ஒரு இன்ஜின் நின்னுபோனா மிச்சம் இருக்கிற இன்ஜினை வெச்சே மேல ஏறியாகணும், அது முடியாத விமானத்துக்கு சர்டிஃபிகேட்டே கிடைக்காது. எல்லா இன்ஜினும் நின்னாக்கூட கல்லு மாதிரி கீழ விழாது, சறுக்கிக்கிட்டே ரொம்ப தூரம் போகும். 2001 ஆகஸ்ட்ல ஏர் ட்ரான்சாட்டோட ஏர்பஸ் ஏ330 ஒண்ணு அட்லாண்டிக் நடுவுல எரிபொருள் மொத்தமும் தீந்துபோய் சுமார் 120 கிலோமீட்டர் சும்மாவே மிதந்து வந்து அசோர்ஸ் தீவுல இறங்குச்சு, உள்ள இருந்த 306 பேரும் பொழைச்சாங்க. விமானத்தையே காலி பண்ற மாதிரி ஒரு கோளாறு 100 கோடி பறக்கும் மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வரக்கூடாது, ஒரே ஒரு பார்ட் கெட்டதால மட்டும் அது நடக்கவே கூடாது, இதுதான் டிசைன்காரங்களுக்கு வெச்சிருக்கிற அளவுகோல்.

அப்போ ஒரு விபத்துல எந்த பார்ட் உடைஞ்சதுன்னு மட்டும் கேட்டா பாதி கதைதான் கிடைக்கும். அது உடைஞ்சப்போ அதுக்குப் பதிலா நிக்க வேண்டியது ஏன் நிக்கலை, அதைத்தான் கேக்கணும். விசாரணை ரிப்போர்ட்டுகளைப் படிச்சா பெரும்பாலும் இந்த ரெண்டாவது கேள்விக்கான பதில்தான் பக்கம் பக்கமா இருக்கும்.

1989 ஜூலை 19, யுனைட்டட் ஏர்லைன்ஸ் 232, டிசி-10 ரகம், டென்வர்ல இருந்து சிகாகோ போயிட்டிருக்கு. வால் பக்கத்துல இருக்கிற நடு இன்ஜினோட முன்பக்க ஃபேன் டிஸ்க், டைட்டானியத்துல செஞ்ச பெரிய தட்டு, பறந்துட்டிருக்கும்போதே வெடிச்சுச் சிதறிடுச்சு. அந்த டைட்டானியத்தை உருக்கி வார்க்கும்போதே உள்ள ஒரு சின்ன குறை இருந்திருக்கு, அதுல இருந்து வெடிப்பு ஆரம்பிச்சு 17 வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வளந்திருக்கு, நடுவுல நடந்த செக்ல அது யார் கண்ணுலயும் படலை. சரி, இன்ஜின் போச்சு, இன்னும் ரெண்டு இருக்கு, அதோட பறக்கலாம். ஆனா சிதறின துண்டுகள் வாலைக் குத்திக் கிழிச்சு ஹைட்ராலிக் பைப்புகளை வெட்டிடுச்சு. இறக்கைல வால்ல இருக்கிற பலகைகளை அசைக்கிறதுக்கு எண்ணெய் அழுத்தம் வேணும், அதுக்கு ஒண்ணுக்கு மூணா தனித்தனி சிஸ்டம் வெச்சிருந்தாங்க, மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாததுன்னு பேப்பர்ல இருந்தது, ஆனா வால்கிட்ட மூணோட பைப்பும் பக்கத்துல பக்கத்துலதான் ஓடுச்சு. மூணு சிஸ்டமும் ஒரேயடியா போச்சு. மூணும் ஒண்ணா போகவே போகாதுன்னு நெனச்சதால அப்படி ஆனா பைலட் என்ன செய்யணும்னு கையேட்டுல ஒரு வரிகூட கிடையாது.

அதுக்கப்புறம் கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் அவரோட குழுவும், பயணியா வந்திருந்த இன்னொரு டிசி-10 பயிற்சியாளரும் சேந்து, மிச்சம் இருந்த ரெண்டு இன்ஜினோட வேகத்தை மட்டும் கூட்டிக் குறைச்சு முக்கால் மணி நேரம் அந்த விமானத்தைத் திருப்பி சூ சிட்டி ரன்வே வரைக்கும் கொண்டுவந்ததை என்ன சொல்றதுன்னே தெரியலை. இறங்கும்போது இறக்கை தரையில மோதி உடைஞ்சு தீப்பிடிச்சது, 296 பேர்ல 112 பேர் போயிட்டாங்க, 184 பேர் பொழைச்சாங்க.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அதை விட மோசமா. 1985 ஆகஸ்ட் 12, ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, போயிங் 747, டோக்யோல இருந்து ஒசாகா. இதுல இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலை. கேபினுக்குப் பின்னாடி வால் ஆரம்பிக்கிற இடத்துல உள்ள காத்தைத் தடுத்து நிறுத்துற ஒரு பெரிய வளைஞ்ச சுவர் இருக்கும், அது கிழிஞ்சுடுச்சு. உள்ள அடைச்சு வெச்சிருந்த காத்து மொத்தமும் வாலுக்குள்ள பாஞ்சு செங்குத்து வாலோட பெரும்பகுதியைப் பிச்சு எறிஞ்சது, கூடவே நாலு ஹைட்ராலிக் சிஸ்டமும் காலி, ஏன்னா நாலோட பைப்பும் அந்த வழியாத்தான் போச்சு. அரை மணி நேரத்துக்கு மேல கட்டுப்பாடே இல்லாம அலைஞ்சு மலையில மோதி 520 பேர் செத்தாங்க, 4 பேர்தான் மிச்சம். ஒரே ஒரு விமானம் சம்பந்தப்பட்ட விபத்துல இன்னிக்கு வரைக்கும் இதுதான் அதிக சாவு.

அந்தச் சுவர் ஏன் கிழிஞ்சதுன்னா, 1978ல அதே விமானம் ஒசாகால இறங்கும்போது வாலைத் தரையில தேச்சிருச்சு, அதுக்கு ரிப்பேர் பண்ணினது வெளியாள் யாரும் இல்ல, தயாரிச்ச போயிங் கம்பெனி ஆளுங்களேதான். ரெண்டு பகுதியை இணைக்க ஒரே நீளப் பிளேட்டா வெச்சிருக்கணும், அதை ரெண்டு துண்டா வெட்டி வெச்சுட்டாங்க. வெளியில இருந்து பாத்தா ரிவெட் வரிசை எல்லாம் ஒழுங்கா தெரியும், ஆனா பாரத்தைத் தாங்கினது என்னவோ ஒரு வரிசை ரிவெட்தான். இப்படியே ஏழு வருஷத்துல 12,000 தடவைக்கு மேல பறந்திருக்கு.

இங்க உலோகச் சோர்வைப் பத்திச் சொல்லியாகணும். விமானம் மேல போகும்போதெல்லாம் கேபினுக்குள்ள காத்து அழுத்தம் ஏத்துறாங்க, உடம்பு லேசா விரியும், இறங்கும்போது சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல பட்டுன்னு ஒடியும் இல்லையா, அதே கதைதான், எத்தனை மணி நேரம் பறந்துச்சுங்கிறதை விட எத்தனை தடவை ஏறி இறங்குச்சுங்கிறதுதான் கணக்கு. 1954ல காமெட்ங்கிற பயணிகள் ஜெட்டுகள் ரெண்டு அடுத்தடுத்து வானத்துலயே சிதறினப்போதான் இந்த விஷயம் எவ்வளவு பெருசுன்னு உலகத்துக்கே உறைச்சது, இங்கிலாந்தோட ஃபார்ன்பரோல ஒரு முழு விமானத்தையே தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு அழுத்தம் ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி கண்டுபிடிச்சாங்க. 1988 ஏப்ரல்ல ஹவாயில அலோஹா ஏர்லைன்ஸோட 737 ஒண்ணுக்கு நடு வானத்துல முன்பக்கக் கூரையே பிச்சுக்கிட்டுப் போச்சு. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டி ட்ரிப் அடிக்கிற விமானம், 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது, கூடவே கடல் உப்புக் காத்து வேற. கூரை இல்லாமயே பைலட்டுகள் தரையிறக்கிட்டாங்க, ஆனா ஒரு விமானப் பணிப்பெண் காத்துல அடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஏறும்போதே உடம்புல ஒரு வெடிப்பைப் பாத்த பயணி ஒருத்தர் யார்கிட்டயும் சொல்லாம உக்காந்துட்டாராம். சைனா ஏர்லைன்ஸ் 611 கதையும் இதே தான், 1980ல வாலைத் தேச்சதுக்கு, அடிபட்ட தகட்டை வெட்டி எடுக்காம அது மேலயே இன்னொரு தகடு வெச்சு மூடிட்டாங்க, வெடிப்பு அதுக்கு அடியில வளந்துச்சு, 22 வருஷம் கழிச்சு 2002 மே 25 அன்னிக்கு விமானம் வானத்துல துண்டாச்சு, 225 பேர். வாலைத் தேச்ச வருஷத்துல அந்த விமானத்துல இருந்தவங்களுக்கும் செத்தவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அதான் இந்த மாதிரி கோளாறோட கொடுமை.

என்னைக் கேட்டா இந்த விஷயத்தைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு விபத்தைத்தான் படிக்க முடியும்னா அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261ஐப் படிங்கன்னு சொல்லுவேன். 2000 ஜனவரி 31, எம்டி-83 ரகம், மெக்சிகோவோட பூர்ட்டோ வயார்த்தால இருந்து சான் பிரான்சிஸ்கோ. வால்ல படுக்கையா இருக்கிற இறக்கையை மேலயும் கீழயும் சாய்க்க ஒரு நீளமான இரும்புத் திருகு இருக்கு, ஜாக்ஸ்க்ரூனு பேரு, அது ஒரு நட்டுக்குள்ள சுத்தும். நட்டு மெத்துன உலோகம், திருகு கடினமானது, அதனால தேயுறது நட்டோட மரைதான். தேயாம இருக்க க்ரீஸ் வெக்கணும், அப்பப்போ எவ்வளவு ஆட்டம் இருக்குன்னு அளக்கணும். அவ்வளவுதான் வேலை, இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்ல.

1987ல 500 மணி நேரத்துக்கு ஒரு தடவை க்ரீஸ் வெச்சிட்டிருந்தாங்க. அப்புறம் அந்த இடைவெளி படிப்படியா நீண்டுட்டே போய் கடைசியில எட்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஆச்சு, அதாவது கிட்டத்தட்ட 2,550 மணி நேரம். ஆட்டத்தை அளக்கிற செக்கும் அதே மாதிரி தள்ளித் தள்ளி 30 மாசத்துக்கு ஒண்ணுன்னு வந்து நின்னுச்சு. ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் ஒரு காரணம் இருந்தது, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தோட அனுமதியும் இருந்தது, தனித்தனியா பாத்தா எதுவும் பெரிய தப்பா தெரியாது. 1997 செப்டம்பர்ல இந்த விமானத்தை அளந்தப்போ ஆட்டம் சரியா அனுமதிச்ச எல்லையில, 0.040 அங்குலத்துல இருந்துச்சு. முதல்ல பாத்த மெக்கானிக் மாத்தணும்னு எழுதினார், அடுத்த ஷிஃப்ட்ல திரும்ப அளந்தாங்க, 0.033 வந்துச்சு, ஓகே போட்டு அனுப்பிட்டாங்க. அடுத்த அளவெடுப்பு 2000ல வர வேண்டியது, அதுக்குள்ள விமானமே இல்ல. கடைசியா க்ரீஸ் வெச்சவர் அந்த வேலைக்கு சுமார் ஒரு மணி நேரம் ஆகும்னு விசாரணைல சொன்னார், ஒழுங்கா செஞ்சா நாலு மணி நேரம் பிடிக்கும்னு தயாரிப்பாளர் கணக்கு.

கடலுக்கு அடியில இருந்து எடுத்தப்போ திருகுல நட்டோட மரை உரிஞ்சு நூல் நூலா சுத்திக்கிட்டு இருந்துச்சு, உரியுறதுக்கு முன்னாடியே 90 சதவீதம் தேஞ்சுபோயிருந்ததுன்னு விசாரணைல தெரிஞ்சது. வேலை செய்யுற இடத்துல உருப்படியான க்ரீஸே இல்ல. இதுல எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு: அந்த நட்டுல மரை ஒண்ணு இல்ல, ரெண்டு இழை. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்னு அதையே பேக்கப்னு கணக்கு வெச்சிருந்தாங்க. ஆனா க்ரீஸ் இல்லாத நட்டுல ரெண்டு இழையும் சேந்துதான் தேயும், ஒண்ணு முதல்ல தேஞ்சு இன்னொண்ணு காத்துக்கிட்டு நிக்காது. 232ல மூணு பைப்பும் ஒரே இடத்துல ஓடுச்சு, இங்க ரெண்டு இழையும் ஒரே க்ரீஸை நம்பி இருந்துச்சு. உள்ள இருந்த 88 பேரும் கலிஃபோர்னியா கரைக்குப் பக்கத்துல பசிபிக் கடல்ல போனாங்க.

பேக்கப்பை மனுஷக் கையே அழிக்கிற கதையும் உண்டு. 1983 மே 5, மயாமில இருந்து பஹாமாஸ் தீவோட நாசோ ஊருக்குக் கிளம்பின ஈஸ்டர்ன் 855, மூணு இன்ஜின். முந்தின ராத்திரி எண்ணெய்ல உலோகத் தூள் கலந்திருக்கான்னு பாக்கிற சின்ன டிடெக்டரை மூணு இன்ஜின்லயும் மாத்தினாங்க, மூணுலயும் ரப்பர் ஓ-ரிங் போடாம மாட்டிட்டாங்க. வழக்கமா ஓ-ரிங் மாட்டியேதான் கைக்கு வரும், அன்னிக்கு ஸ்டோர்ல இருந்து எடுத்ததுல இல்ல. மூணுலயும் எண்ணெய் ஒழுகி ஒண்ணு ஒண்ணா நின்னுச்சு, கடைசி நேரத்துல முதல்ல ஆஃப் பண்ணி வெச்ச இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணி 172 பேரோட எப்படியோ மயாமில இறங்கிட்டாங்க. இன்னிக்கு ரெண்டு இன்ஜின் விமானம் கடல் தாண்டி நீண்ட தூரம் போகணும்னா ரெண்டு இன்ஜின்லயும் ஒரே வேலையை ஒரே மெக்கானிக் செய்யக்கூடாதுன்னு விதி இருக்கு, நியாயமான விதி.

குறுக்கு வழி பிடிச்சு அதுவே வினையா போனது 1979 மே 25, சிகாகோ, அமெரிக்கன் 191. டிசி-10ல இன்ஜினை முதல்ல கழட்டி, அப்புறம் அதைத் தாங்குற பைலானைக் கழட்டணும். நேரம் மிச்சமாகும்னு ரெண்டையும் சேத்து ஃபோர்க்லிஃப்ட் வெச்சுத் தூக்கிக் கழட்டி மாட்டினாங்க, அதுல பைலான் இணைப்புல வெடிப்பு விழுந்துச்சு. ரன்வேல இருந்து எழும்புற நொடியில இடது இன்ஜின் பைலானோட பிச்சுக்கிட்டுப் போச்சு. அதனால மட்டும் விமானம் விழுந்திருக்காது. இன்ஜின் போகும்போது இறக்கையோட முன் ஓரத்தையும் ஹைட்ராலிக் பைப்பையும் கிழிச்சதால இடது பக்க ஸ்லாட்டுகள், அதாவது மெதுவா பறக்கும்போது தூக்கும் சக்தி கூட்ட முன் ஓரத்துல நீட்டி வெக்கிற பலகைகள், உள்ள போயிடுச்சு, அந்த இறக்கைக்கு மட்டும் தூக்கும் சக்தி குறைஞ்சது. அது பைலட்டுக்குத் தெரியணும், ஆனா கேப்டன் பக்கத்து மீட்டருக்கும், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகுதுன்னு சொல்ற ஸ்டால் எச்சரிக்கைக்கும் கரண்ட் கொடுத்ததே கழண்டுபோன அந்த இன்ஜின்தான். காக்பிட்ல இருந்து இறக்கை கண்ணுக்கும் தெரியாது. ஒரு இன்ஜின் நின்னா என்ன வேகத்துல ஏறணும்னு கையேடு சொல்லுதோ அதையே அவங்க ஒழுங்கா செஞ்சாங்க, வேகத்தை 153 நாட் (knot, விமான வேகத்தோட அளவு) ஆக்கிக் குறைச்சாங்க, இடது இறக்கை 159க்குக் கீழ போனாலே விழுந்துடும் நிலைமையில இருந்துச்சு. அரை நிமிஷம்தான். தரையில இருந்தவங்களோட சேத்து 273 பேர்.

தெரிஞ்சே விட்டதுக்கு டிசி-10 சரக்குக் கதவை விட மோசமான உதாரணம் கிடையாது. 1972 ஜூன்ல கனடாவோட வின்ட்சர் மேல ஒரு தடவை பறக்கும்போதே பின்பக்கக் கதவு திறந்துச்சு, கீழ காத்து போய் மேல அழுத்தம் இருந்ததால கேபின் தரை பாதி இடிஞ்சு அதுக்கு அடியில ஓடுற கன்ட்ரோல் கேபிள்கள் சேதமாச்சு, ஆனாலும் பைலட் இறக்கிட்டார். கதவு செஞ்ச சப்கான்ட்ராக்ட் கம்பெனியோட இன்ஜினியர் ஒருத்தர் ரெண்டு வாரத்துல, இப்படியே விட்டா இன்னொரு தடவை திறக்கும், விமானமே போகும்னு உள்ளுக்குள்ள எழுதியே குடுத்தார். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமோ கட்டாய உத்தரவு போடாம தயாரிப்பாளரோட பேசி முடிச்சுக்கிட்டாங்க. 1974 மார்ச் 3, பாரிஸ் பக்கத்துல டர்கிஷ் 981, அதே கதவு, அதே தரை, அதே கேபிள், 346 பேர். அந்த விமானத்தோட ரெக்கார்டுல திருத்தம் செஞ்சாச்சுன்னு கையெழுத்து இருந்துச்சு, கதவுல திருத்தம் முழுசா இல்ல.

யோசிச்சுப் பாத்தா, 2018 அக்டோபர்ல லயன் ஏர் 610, 2019 மார்ச்ல எத்தியோப்பியன் 302, ரெண்டு போயிங் 737 மேக்ஸ்லயும் போன உயிரைக் கூட்டினாலும் அதே 346தான் வருது. இதுல இன்ஜினோ கதவோ கழண்டு விழலை. மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குன்னு அளக்கிற சென்சார் தப்பா சொல்லுச்சு, லயன் ஏர்ல 21 டிகிரி தப்பு. விமானத்துல அந்த சென்சார் ரெண்டு இருந்தும் எம்கேஸ்ங்கிற சாஃப்ட்வேர் ஒண்ணை மட்டும்தான் கேட்டுச்சு, அதை நம்பி மூக்கைக் கீழ கீழ அமுக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துலயே சரியா சொல்லுற சென்சார் சும்மா இருந்ததுதான் வயித்தெரிச்சல். முந்தின நாள் இதே விமானத்துல இதே கோளாறு வந்திருக்கு, அந்த பைலட்டுகள் ஒரு ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணித் தப்பிச்சிருக்காங்க, அந்த விவரம் அடுத்த குழுவுக்கு முழுசா போய்ச் சேரலை.

மெஷின் கோளாறுல சின்னதுக்கும் பெருசுக்கும் வித்தியாசம் இல்லைன்னு சொல்ல ஈஸ்டர்ன் 401 போதும். 1972 டிசம்பர், முன் சக்கரம் இறங்கிடுச்சான்னு காட்டுற பல்பு ஃபியூஸ் போயிருந்தது, காக்பிட்ல மொத்தப் பேரும் அந்த பல்பையே பாத்துக்கிட்டிருக்கும்போது ஆட்டோபைலட் உயரத்தை விட்டு இறங்கினதை யாரும் கவனிக்கலை, 101 பேர் போனாங்க. இங்கிலாந்தோட கெக்வொர்த்ல 1989 ஜனவரில விழுந்த விமானத்துல இடது இன்ஜினோட பிளேடு உடைஞ்சது, பைலட்டுகள் நல்லா ஓடிட்டிருந்த வலது இன்ஜினை ஆஃப் பண்ணிட்டாங்க, 47 பேர். பைலட் தப்புன்னு ஒரே வார்த்தையில முடிக்கிறது சுலபம், ஆனா மெஷின் தப்பான சேதி சொல்லும்போதும் ஒண்ணும் சொல்லாதபோதும் மனுஷன் எதை வெச்சு முடிவெடுப்பான்?

232க்கு அப்புறம் பாடம் படிச்சாங்களான்னா, படிச்சாங்க. டிசி-10ல ஒரு ஹைட்ராலிக் சிஸ்டத்துக்கு வால்வு மாதிரி ஒரு ஃபியூஸ் வெச்சாங்க, பைப் அறுந்தாலும் எண்ணெய் மொத்தமும் ஒழுகாது. அதுக்கு மேல உண்மையான பரீட்சை 2010 நவம்பர் 4 அன்னிக்கு வந்துச்சு. குவான்டாஸ் 32, ஏ380, சிங்கப்பூர்ல இருந்து சிட்னி, 469 பேர். ரெண்டாம் நம்பர் இன்ஜின்ல ஒரு சின்ன எண்ணெய்க் குழாய், உள்துளை நடுவுல விழாம தள்ளி விழுந்ததால ஒரு பக்கம் சுவர் மெலிசா போயிருந்தது, அது வெடிச்சு எண்ணெய் தீப்பிடிச்சு டர்பைன் டிஸ்க் துண்டாகி இறக்கையைத் துளைச்சுக்கிட்டுப் போச்சு. 232ல நடந்த அதே டிஸ்க் வெடிப்புதான். ஒரு ஹைட்ராலிக் சிஸ்டம் போச்சு, வயர்கள் கட்டுக் கட்டா அறுந்துச்சு, ஸ்க்ரீன்ல எச்சரிக்கை மேல எச்சரிக்கையா வந்து காக்பிட்ல இருந்த அஞ்சு பைலட்டுகளும் அதைப் பாத்து முடிக்கவே 50 நிமிஷத்துக்கிட்ட ஆச்சு. ஆனா ஏ380ல பலகைகளை அசைக்க எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பலை, கரண்ட்ல தனியா ஓடுற மோட்டார்களும் இருக்கு, ரெண்டு வேற வேற சக்தி, வேற வேற பாதை. அதனால கையில கன்ட்ரோல் இருந்துச்சு, சிங்கப்பூர்லயே திரும்பி இறங்கிட்டாங்க, ஒருத்தருக்கும் கீறல் இல்ல.

இறங்கின பிறகு ஒண்ணாம் நம்பர் இன்ஜினை ஆஃப் பண்ணப் பாத்தா ஆஃப் ஆகலை. அதை நிறுத்துறதுக்கு ஒண்ணுக்கு ரெண்டு வழி இருந்துச்சு, ரெண்டோட வயரும் அந்த டிஸ்க் துண்டு போன பாதையிலதான் போயிருந்துச்சு. ஒழுகின எரிபொருள் தரையில தேங்கி நிக்க, தீயணைப்புக்காரங்க மூணு மணி நேரம் தண்ணியும் நுரையும் அடிச்சுத்தான் அந்த இன்ஜினை நிறுத்தினாங்க.